பையை இழுத்துக்கொள்ளும் கை: நல்லிணக்கக் கூட்டங்களில் நடக்கும் தியானம் பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் நல்லிணக்கச் செயலமர்வு என்றால் இப்போது நிகழ்ச்சி நிரலில் பத்து நிமிடத் தியானமும் ஏறிவிடுகிறது. மண்டபத்தின் விளக்குகளை அணைத்து, கதவைச் சாத்தி, தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லோரையும் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொல்கிறார்கள். பிறகு ஒரு குழுப்படம், சாப்பாட்டுப் பார்சல். இனப் பகையும் இன அவமதிப்பும் உடம்பில் விட்டுச் சென்ற காயத்துக்கு விழிப்புத் தியானம் உதவும் என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இப்படி நடத்தினால் அது உதவாது. சிலருக்குத் தீங்கும் செய்யும். ஏற்பாட்டாளர்களும், பிரதேச செயலகங்களில் இதற்குப் பொறுப்பான உத்தியோகத்தர்களும், பாடசாலை ஆசிரியர்களும் வாசிப்பார்கள் என்பதால் விவரமாக எழுதுகிறோம்.

விழிப்புத் தியானம் என்பது உடம்பிலும் மனத்திலும் இப்போது நடப்பதைக் கவனித்திருக்கும் பயிற்சி. இதன் வேர் பௌத்தத்தில் இருக்கிறது. வைத்தியசாலைக்கு ஏற்ற வடிவத்தை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பீடத்தில் ஜோன் கபாட்-சின் 1979இல் அமைத்தார். எட்டு வாரங்கள், வாரம் ஒரு முறை இரண்டரை மணித்தியாலம், இடையில் ஒரு முழு நாள், அதற்கு மேல் அன்றாட வீட்டுப் பயிற்சி. பத்து நிமிடம் அல்ல என்பதற்காகவே இந்தக் கணக்கைச் சொல்கிறோம். பின்னர் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியை ரோண்டா மகீ போன்ற கறுப்பினத்தவர்கள், நிற வேற்றுமையால் வரும் வேதனையையும் உள்ளே ஒளிந்திருக்கும் பாரபட்சத்தையும் கையாள இதே பயிற்சியை வகுப்பறைக்குள் கொண்டுவந்தார்கள்.

ஆய்வும் இருக்கிறது. 2014இல் யூனா காங் உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வில், ஆறு வாரம் அன்புத் தியானம் (மனத்துக்குள் பிறருக்கு நலம் வேண்டும் பயிற்சி) செய்தவர்களிடம் கறுப்பினத்தவர் மீதும் வீடற்றோர் மீதும் இருந்த தன்னறியாப் பாரபட்சம் குறைந்தது. அதே விடயத்தைப் பயிற்சி இல்லாமல் கலந்துரையாட மட்டும் செய்த குழுவில் அந்தக் குறைவு காணப்படவில்லை. 2015இல் லூக், கிப்சன் இருவரும் வெள்ளையின மாணவர்களுக்குப் பத்து நிமிட ஒலிப்பதிவு ஒன்றைக் கேட்கக் கொடுத்து அதே போன்ற குறைவைக் கண்டார்கள். ஆனால் அளந்தது கேட்டு முடித்த கையோடு. பத்து நிமிடத்தில் மனம் மாறும் என்று மேடையில் சொல்பவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவில் கறுப்பு வெள்ளைக்கு இடையே எடுத்த எண்களை தமிழ் ஊரான ஆரையம்பதிக்கும் அதை அடுத்த முஸ்லிம் ஊரான காத்தான்குடிக்கும் நடுவில் அப்படியே ஒட்டவும் கூடாது. இங்கே இரண்டு பக்கமும் இழந்திருக்கிறது.

அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது பாரபட்சம் எப்படி வேலை செய்கிறது என்ற விளக்கத்தை. அது கொள்கையாக வருவதற்கு முன் உடம்பில் வந்துவிடுகிறது.

கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து இருக்கையில் அபாயா அணிந்த ஒரு பெண், அல்லது நெற்றியில் திருநீறு பூசிய ஒருவர், அல்லது சீருடைக்காரர் வந்து உட்காருகிறார். மடியில் இருக்கும் பையைக் கை நம் பக்கம் இழுக்கிறது. தோள் ஒரு விரற்கடை ஜன்னல் பக்கம் போகிறது. வயிறு இறுகுகிறது. அதற்குப் பிறகுதான் தலைக்குள் “இவங்க இப்படித்தான்” என்ற வசனம் வருகிறது. வசனத்தோடு சண்டை பிடித்துப் பயன் இல்லை, அது கடைசியாக வந்தது. கவனிக்க வேண்டியது பையை இழுத்த கையை. இழுத்தது தெரிந்தால் கை தானாகத் தளரும். தெரியாவிட்டால் அந்த வசனம் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையின் காதில் விழும்.

அந்தப் பக்கம் இருப்பவருக்கும் உடம்பு இருக்கிறது. பை இழுபடுவதை அவர் காண்கிறார். 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு எத்தனை முஸ்லிம் பெண்கள் இதை நாள்தோறும் கண்டார்கள், கொழும்புச் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டிய தமிழ் இளைஞரின் கை எப்படிக் குளிர்ந்தது, இதெல்லாம் இன வேதனை. கழுத்துப் பிடிப்பு, நெஞ்சு அடைப்பு, தூக்கக் குறைவு, சும்மா இருக்கும்போதே வரும் எரிச்சல் என்று அது தங்கிவிடுகிறது. ஒரே பயிற்சி இரண்டு பக்கத்துக்கும் உதவும், ஆனால் தொடங்கும் இடம் வேறு வேறு.

இனி நடத்தும் முறை, எட்டு வாரத்துக்கு.

முதல் ஆறு வாரமும் ஒவ்வொரு சமூகத்துக்கும் தனித்தனிக் குழுவாக நடத்துங்கள். எட்டுப் பேர் முதல் பன்னிரண்டு பேர் வரை, ஒன்றரை மணி நேரம், அதில் அமைதியாக இருப்பது மொத்தம் பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முதல் நாளிலேயே கலந்து உட்கார வைத்தால் எல்லோரும் நல்லவராக நடிப்பார்கள், உள்ளே இருப்பது வெளியே வராது. முஸ்லிம் பெண்களுக்குப் பெண் நடத்துநர். வெள்ளி நண்பகல் கூடாது. அஸர், மஃரிப் தொழுகைகளுக்கு இடைப்பட்ட மாலை நேரம் பொதுவாகச் சரிவரும்.

இடம் கோயில், பள்ளிவாசல், விகாரை, தேவாலயம் எதுவாகவும் இருக்க வேண்டாம். பொதுநோக்கு மண்டபம் அல்லது நூலகம் போதும். கதவு திறந்திருக்க வேண்டும், உட்கார்ந்த இடத்திலிருந்து அது தெரிய வேண்டும். கதிரைக்கு முதுகுச் சாய்வு இருக்க வேண்டும், முடிந்தால் சுவர்ப் பக்கம் முதுகு. நடத்துபவர் பின்னால் நடந்து திரியக் கூடாது. மணி அடிக்க வேண்டாம். படுக்கச் சொல்ல வேண்டாம். விளக்கை அணைக்கவே வேண்டாம்.

இந்த ஒழுங்குகளுக்குக் காரணம் நம் மண்ணில் இருக்கிறது. 1987 ஜூன் 2 அரந்தலாவையில் பஸ்ஸில் போன பிக்குகள் கொல்லப்பட்டார்கள். 1990 ஓகஸ்ட் 3 காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு செப்டெம்பர் 9 சத்துருக்கொண்டானில் ஊர்மக்கள் கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். 2019 ஏப்ரல் 21 மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகள் இறந்தார்கள். குனிந்து கண்மூடி வரிசையில் இருப்பது என்பது இங்கே சிலருக்கு ஓய்வின் நிலை அல்ல. முதுகுக்குப் பின்னால் காலடிச் சத்தம் கேட்டால் அவர்களின் உடம்பு 1990க்குப் போய்விடும்.

அதனால் மூச்சில் தொடங்காதீர்கள். மூச்சு நெஞ்சில் இருக்கிறது, பயமும் அங்கேதான் இருக்கிறது. நெஞ்சுக்குள் கவனத்தைத் திருப்பியதும் படபடப்புக் கூடுபவர்கள் பலர். பாதத்தில் தொடங்குங்கள். சொல்லும் சொற்கள் இவ்வளவு போதும்: “கண் திறந்திருக்கட்டும், கொஞ்சம் தள்ளித் தரையைப் பாருங்கள். பாதம் தரையில் படும் இடத்தைக் கவனியுங்கள். குதிக்காலா, விரலா, எது கூட அழுத்துகிறது? கதிரை உங்களைத் தாங்கும் இடம் எது? வெளியே கேட்கும் சத்தங்களில் மூன்றை எண்ணுங்கள். கவனம் போனால் பாதத்துக்குத் திரும்புங்கள். வேண்டாம் என்றால் நிறுத்தலாம், எழும்பிப் போகலாம்.” கடைசி வசனத்தை ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும். முதல் இரண்டு வாரமும் இந்த ஐந்து நிமிடம்தான், வீட்டிலும் நாளுக்கு ஒரு தடவை.

மூன்றாம் நான்காம் வாரங்களில் பேப்பர், பேனை. ஒரு தாளில் மூன்று வரி. முதல் வரியில் கண்டது, இரண்டாம் வரியில் உடம்பில் நடந்தது, மூன்றாம் வரியில் தலைக்குள் ஓடிய கதை. “பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தார். பையை இழுத்தேன், வயிறு இறுகியது. இவங்களை நம்ப ஏலாது.” பெரும்பாலானோர் முதல் வரியிலேயே கதையை எழுதிவிடுவார்கள்: “ஒரு மாதிரியான ஆள் ஏறினார்.” மாதிரி என்பது கண்ணில் தெரியாது, அது மூன்றாம் வரிக்குரியது. இதைத் திருத்துவதற்கே ஒரு முழு அமர்வு போகும். போகட்டும், வேலையே அதுதான். வாரத்துக்கு நான்கைந்து தாள் எழுதி வந்தால் போதும், பெயர் எழுத வேண்டாம், சேகரிக்கவும் வேண்டாம்.

ஐந்தாம் வாரம் அன்புத் தியானம். “நலமாக இரு, பயமில்லாமல் இரு” என்று மனத்துக்குள் ஒருவருக்குச் சொல்வது. ஒழுங்கு முக்கியம்: முதலில் நெருக்கமான ஒருவர், பேரப்பிள்ளை, தாய், தோழி. பிறகு தான். அதன் பின் முகம் மட்டும் தெரிந்த ஒருவர், பஸ் நடத்துனர் போல. அதற்குப் பிறகு மற்றச் சமூகத்தில் நேரில் தெரிந்த ஒருவர், மரக்கறி விற்பவர், சேர்ந்து படித்தவர். அங்கே நிறுத்துங்கள். “உங்கள் எதிரிக்கும் அன்பை அனுப்புங்கள்” என்று ஒரே தாவலில் கொண்டுபோய் நிறுத்துபவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் கொன்றவனை மன்னிக்கச் சொல்கிறார்கள் என்பதை அறிந்து செய்வதில்லை. மன்னிப்பது பயிற்சியின் பகுதி அல்ல. கேட்கும் உரிமையும் நடத்துநருக்கு இல்லை.

இதோடு சேர்ந்த இன்னொன்று: “விட்டுவிடுங்கள்” என்ற சொல்லைப் பயிற்சியிலிருந்து எடுத்துவிடுங்கள். காணாமல் ஆக்கப்பட்டவரின் படத்தை இன்றைக்கும் நெஞ்சோடு பிடித்திருக்கும் தாய்மார் இந்த இரண்டு மாவட்டங்களிலும் இருக்கிறார்கள். அவர்கள் எதை விடுவது? “இருக்கட்டும்” என்று சொல்லுங்கள். வேதனை இருக்கட்டும், பாதமும் தரையில் இருக்கட்டும்.

ஆறாம் வாரத்துக்கு உரியது வதந்தி. 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் உணவகத்துச் சாப்பாட்டில் கிடந்த கட்டியைப் பார்த்து மலட்டு மாத்திரை என்று கத்தினார்கள். கடைகள் உடைந்தன, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. அரச இரசாயனப் பகுப்பாய்வில் அது மாக்கட்டி என்று தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. அடுத்த மாதம் கண்டி திகனையில் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த கலவரத்தோடு அரசாங்கம் சமூக வலைத்தளங்களை முடக்கியது, 2019இலும் முடக்கியது. அது வெளியே இருந்து போடும் பிரேக். உள்ளே போடும் பிரேக்குக்குத்தான் பயிற்சி வேண்டும்.

செய்முறை இது. நடத்துநர் கற்பனையாக ஒரு வட்ஸ்அப் செய்தியை வாசிக்கிறார், உண்மையான ஊரோ ஆளோ இல்லாமல். போனைக் குப்புறப் போடுங்கள். பாதம். காது சுடுகிறதா, தாடை இறுகுகிறதா, பெருவிரல் அனுப்பத் துடிக்கிறதா என்று பாருங்கள். துடிப்பு ஏறி இறங்கும் வரை, இரண்டு மூன்று நிமிடம், போனைத் தொடாமல் இருங்கள். பிறகு திரும்ப எடுத்து மூன்று கேள்வி: யார் நேரில் கண்டது? எந்த இடம்? எத்தனை மணி? மூன்றில் ஒன்றுக்கு விடை இல்லை என்றாலும் அனுப்புவதில்லை. பயிற்சிக்கு வந்தவர்கள் பெரும்பாலும் கேள்விகளை மட்டும் மனப்பாடம் பண்ணிக்கொண்டு அந்த இரண்டு நிமிடத்தை விட்டுவிடுவார்கள். காது சுடும்போது கேள்வி வேலை செய்யாது. “எங்கட ஆள் சொன்னது, பொய் சொல்லமாட்டான்” என்று விடையும் தானே வந்துவிடும்.

ஏழாம் எட்டாம் வாரங்களில்தான் கலப்புக் குழு. சமூகத்துக்கு ஒருவராக இரண்டு நடத்துநர்கள் வேண்டும். அம்பாறை, உகண பக்கம் என்றால் சிங்கள நடத்துநரும் நல்ல மொழிபெயர்ப்பாளரும் இல்லாமல் தொடங்காதீர்கள். இருவர் இருவராக உட்கார்ந்து, ஒருவர் மூன்று நிமிடம் பேச மற்றவர் பதில் சொல்லாமல் கேட்பார். கேட்பவரின் வேலை தன் பாதத்தைக் கவனித்துக்கொண்டே கேட்பது. பேசுபவர் தன்னைப் பற்றி மட்டும் பேசலாம், “உங்கட ஆக்கள்” என்று தொடங்கும் வசனம் கூடாது. முதல் நாள் பேச்சு 1990 பற்றி இருக்கக் கூடாது. வயலில் யானை, உரவிலை, பிள்ளையின் டியூஷன் என்று இருக்கட்டும். தமிழரும் முஸ்லிம்களும் உள்ள குழு என்றால் தாய்வழிக் குடி பற்றிக் கேளுங்கள். மகளுக்கு வீடு கொடுத்து மருமகனை வீட்டுக்கு எடுக்கும் முறை இரண்டு சமூகத்துக்கும் இங்கே ஒன்றுதான், அதைப் பேசத் தொடங்கினால் மூன்று நிமிடம் காணாது.

தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று எல்லா மேடையிலும் சொல்கிறோம். குழலில் ஒரு அடுக்குப் பிட்டு, ஒரு அடுக்குத் தேங்காய்ப்பூ, இந்தக் கரையோரத்தில் ஊர்கள் அடுத்தடுத்து இருப்பதும் அப்படித்தான். ஆனால் அடுக்குகள் தொடும் இடம் எல்லை வீதி. மேடையில் உவமை சொல்லிவிட்டு எல்லை வீதியில் நடக்க மாட்டோம் என்றால், எட்டு வாரமும் வீண்.

ஒன்றைக் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மூச்சுத் தியானம் குற்ற உணர்வைக் குறைக்கிறது. அதனால் பிழையை ஈடுசெய்யும் எண்ணமும் குறைகிறது. ஆண்ட்ரூ ஹாஃபன்பிராக் உள்ளிட்டோர் 2022இல் வெளியிட்ட சோதனைகள் இதைக் காட்டின. அன்புத் தியானம் செய்தவர்களிடம் ஈடுசெய்யும் எண்ணம் மூச்சுத் தியானம் செய்தவர்களை விடக் கூடுதலாக இருந்தது. பிழை செய்தவர் பாய் விரித்து உட்கார்ந்து மனம் ஆறிப் போய்விட்டால், பாதிக்கப்பட்டவருக்கு என்ன கிடைத்தது? ஆகவே ஒவ்வொரு அமர்வும் ஒரு செயலோடு முடிய வேண்டும். 2019க்குப் பிறகு கால் வைக்காத கடைக்கு இந்தக் கிழமை போய் ஒரு சாமான் வாங்குவது. வீட்டில் மற்றச் சமூகத்துக்குச் சொல்லும் வசைப் பெயரைப் பிள்ளை முன்னால் சொல்லாமல் விடுவது. அடுத்த கிழமை வந்து செய்தேன், செய்யவில்லை என்று ஒரு வசனம் சொன்னால் போதும்.

பாதிக்கப்பட்டவருக்கும் இதே எச்சரிக்கை வேறு விதமாகப் பொருந்தும். ஒரு கந்தோரில் சிங்களப் படிவத்தை நீட்டி, விளங்கவில்லை என்றால் ஏளனமாகப் பேசுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதைத் தாங்கிக்கொள்வதற்குப் பயிற்சி அல்ல. நடுங்காமல் வாய் திறந்து, “தமிழ்ப் படிவம் தாருங்கள்” என்று கேட்பதற்குப் பயிற்சி. தமிழ் 1987இலிருந்து அரசியலமைப்பின்படி அரச கரும மொழி. திகதி, நேரம், பேசியவரின் பதவி, சொன்ன சொல், இந்த நான்கையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். அரச கரும மொழிகள் ஆணைக்குழுவும் இருக்கிறது, மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பிராந்திய அலுவலகங்கள் இருக்கின்றன. நீதி கேட்பதற்குப் பதிலாகத் தியானம் செய்யச் சொல்பவர் யாராக இருந்தாலும் அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

அமர்வில் ஒருவருக்குப் பழைய நினைவு திரும்பி வந்தால் அடையாளம் தெரியும்: பார்வை ஒரே இடத்தில் குத்தி நிற்கும், உள்ளங்கை வியர்க்கும், மூச்சு மேலேயே நிற்கும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் தாமதமாகும். உடனே எல்லோருக்கும் பயிற்சியை நிறுத்துங்கள். கேட்காமல் தொடாதீர்கள். பெயரைச் சொல்லி, இன்றைய திகதியையும் இடத்தையும் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருளைப் பெயர் சொல்லக் கேளுங்கள். குளிர்ந்த தண்ணீர்க் கிளாசைக் கையில் கொடுங்கள், எழும்பிச் சுவரை இரு கையாலும் தள்ளச் சொல்லுங்கள். ஒருவர் கூட இருக்க வேண்டும், அடுத்த நாளும் விசாரிக்க வேண்டும். குறையவில்லை என்றால் அருகிலுள்ள வைத்தியசாலையின் உளநலப் பிரிவு, அல்லது தேசிய உளநல உதவி இலக்கம் 1926. உளநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் தியானம் செய்கிறோம் என்று மருந்தை நிறுத்தவே கூடாது. அண்மையில் சாவீடு கண்டவர்களைக் குழுவில் சேர்க்காமல் தனியாக உளவளத்துணைக்கு அனுப்புவது நல்லது.

சமயம் பற்றிய தயக்கத்தையும் மறைக்கக் கூடாது. பாளியில் இந்த விழிப்புக்குப் பெயர் ‘சதி’. தமிழ்க் காதில் அது என்ன பொருளில் விழும் என்று எல்லோருக்கும் தெரியும், இந்தக் கிழக்கு மாகாணத்தின் காணிப் பிரச்சினைகளுக்கும் புதிய விகாரைகளுக்கும் நடுவில் அந்தச் சந்தேகம் காரணமில்லாமல் வரவில்லை. வேர் பௌத்தம் என்பதை முதல் நாளே வெளிப்படையாகச் சொல்லுங்கள். பிறகு விளக்கு, ஊதுபத்தி, சிலை, மந்திரம், கைகூப்பல் எதுவும் இல்லாமல் நடத்துங்கள். முன்கூட்டியே உலமாக்களோடும் குருக்கள்மாரோடும் பேசுங்கள். கவனப் பயிற்சி என்ற பெயரே போதும். “எல்லாச் சமயமும் ஒன்றுதான்” என்று தொடங்க வேண்டாம், அது எவருக்கும் உவப்பதில்லை.

செலவு பெரிதாக இல்லை. பன்னிரண்டு கதிரை, தாள், பேனை, எல்லோரும் சாப்பிடக்கூடிய அவித்த கடலையும் பிளேன்டீயும். செலவாவது நடத்துநரைத் தயார்படுத்துவதில். தானே ஆறு மாதமாவது நாள்தோறும் பழகி, தன் மூன்று வரித் தாள்களையும் எழுதாத ஒருவரிடம் குழுவை ஒப்படைக்காதீர்கள். தன் கை பையை இழுத்ததைக் காணாதவருக்கு மற்றவரின் கை தெரியாது.

இறுதியாக உங்களிடமும் ஒரு வேண்டுகோள். கஞ்சாவோடு பிடிபட்டவர், விபத்தில் மாட்டியவர், அடிபிடியில் கைதானவர் பற்றிய செய்திகளின் தலைப்பில் “முஸ்லிம் இளைஞர்”, “தமிழ் இளைஞர்”, “சிங்களவர்” என்று வரும்போது, அந்த மூன்று வரித் தாளை வைத்துப் பாருங்கள். இனம் செய்திக்குத் தேவையானதா, அல்லது மூன்றாம் வரியா? தேவையில்லாத இடத்தில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு அச்சுக்கு அனுப்புமாறு உங்கள் செய்தி ஆசிரியர்களையும் பிரதேச நிருபர்களையும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் உளசமூகப் பணியாளர்கள் சிலர்